டைவர்ட்: ஓடுவதைத் திருப்பும் சொல்

குளியலறைச் சுவரில் ஷவருக்கும் கீழ்க்குழாய்க்கும் நடுவே ஒரு குமிழ் இருக்கும். பிளம்பர்கள் அதை டைவர்ட்டர் என்பார்கள். தண்ணீர் கீழ்க்குழாயில் கொட்டிக்கொண்டிருக்கும்போது அதைத் திருகினாலோ இழுத்தாலோ அதே தண்ணீர் மேலே ஏறி ஷவரில் விழும். தண்ணீர் நிற்பதில்லை, புதிதாக வருவதுமில்லை. போகும் இடம் மட்டும் மாறுகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் பாதித் தண்ணீர் மேலேயும் பாதி கீழேயும் போகும். குழாயையே திறக்காமல் டைவர்ட்டரைத் திருகினாலோ ஒன்றும் நடக்காது.

‘டைவர்ட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லின் இலக்கணம் கிட்டத்தட்ட முழுவதும் இந்தக் குமிழுக்குள் இருக்கிறது. அகராதிகள் இந்தச் சொல்லுக்கு ‘திசைதிருப்பு’, ‘விலக்கு’, ‘வேறு வழியில் செலுத்து’, ‘மகிழ்வி’ என்று நான்கைந்து பொருள்களை அடுக்கும். அடுக்கைப் பார்த்தால் தொடர்பில்லாதவை போலத் தெரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஏற்பாடுதான்: ஏதோ ஒன்று ஏற்கெனவே ஓரிடம் நோக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், யாரோ அல்லது எதுவோ அதைத் திருப்ப வேண்டும், திரும்பிய பிறகும் அது வேறெங்கோ ஓட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றால் அந்த இடத்தில் டைவர்ட் பெரும்பாலும் தவறான சொல்.

ஆறு, போக்குவரத்து, பணம், தொலைபேசி அழைப்பு, கவனம், பேச்சு, குப்பை ஆகிய எல்லாமே ஓடுபவை. அதனால் இவையெல்லாம் டைவர்ட் ஆகும். மேசை டைவர்ட் ஆகாது. பேச்சின் தலைப்பும் ஆகாது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆறு. அணை கட்டுவதற்கு முன் ஆற்றுப் படுகையைக் காய வைத்தாக வேண்டும். ஓடும் ஆற்றை நிறுத்த முடியாது, ஆகவே திருப்புகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை கட்டியபோது பள்ளத்தாக்கின் இரு பக்கப் பாறைகளிலும் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சுரங்கங்கள் குடைந்தார்கள். கான்கிரீட் பூச்சுக்குப் பிறகு ஒவ்வொன்றின் விட்டமும் 50 அடி. 1932 நவம்பரில் ஆறு அவற்றுக்குள் திருப்பப்பட்டது. அந்தச் சுரங்கங்களுக்குப் பொறியாளர்கள் சொல்லும் பெயர் ‘டைவர்ஷன் டனல்’. அணை வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போய் அதே ஆறு கீழே தன் படுகையில் மறுபடி சேர்ந்துவிடுகிறது.

விமானம் வேறு மாதிரி. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்த 38 பயணிகள் விமானங்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவிலுள்ள காண்டர் என்ற சிற்றூரில் இறக்கப்பட்டன. 6,500க்கும் மேற்பட்ட பயணிகள் வந்து இறங்கினார்கள். ஆங்கிலத்தில் இதை ‘வேர் டைவர்ட்டட் டு காண்டர்’ என்பார்கள். இங்கே சேருமிடமே மாறிவிட்டது.

ஆக, சாலையிலும் அணையிலும் டைவர்ட் என்றால் வழி மாறும், சேருமிடம் மாறாது. விமானத்திலும் பணத்திலும் தொலைபேசியிலும் டைவர்ட் என்றால் சேருமிடமே மாறும். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேற்றுமையை முன்னிடைச்சொற்களிடம் விட்டுவிடுகிறது. வழி மட்டும் மாறினால் ‘த்ரூ’, ‘வயா’, ‘அரவுண்ட்’, ‘ஆன்டு’ வரும். சேருமிடம் மாறினால் ‘டு’ வரும். எதற்குள்ளாவது போய்ச் சேர்ந்தால் ‘இன்டு’. எதை விட்டு விலகியது என்று சொல்ல ‘ஃப்ரம்’. அழுத்தம் வேண்டுமானால் ‘அவே ஃப்ரம்’. முழு வாய்பாடு இப்படி: டைவர்ட், பிறகு ஓடும் பொருள், பிறகு ‘ஃப்ரம்’ பழைய இடம், பிறகு ‘டு’ புதிய இடம். நான்கும் எப்போதும் வர வேண்டியதில்லை. ஓடும் பொருளை மட்டும் விடக் கூடாது.

விமானத் துறையில் இந்தச் சொல் வெறும் செய்தி வழக்கல்ல, கணக்கு. ஜெட் விமானம் கிளம்பும்போதே, சேருமிடத்தில் இறங்க முடியாமல் போனால் மாற்று நிலையத்துக்குப் போக எரிபொருள், அதற்கு மேல் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமடிக்கப் போதுமான இறுதிக் கையிருப்பு என்று சேர்த்தே நிரப்பியாக வேண்டும். இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு ‘டைவர்ஷன் டைம்’ என்றே ஓர் அளவு உண்டு: ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் மற்றொன்றை வைத்து எத்தனை நிமிடத்துக்குள் ஏதாவதொரு நிலையத்தை எட்ட முடியும் என்பது. ஒரு காலத்தில் 60 நிமிடம் என்றிருந்த வரம்பு 1985இல் 120 ஆனது, பிறகு 180 ஆனது. கடலுக்கு நடுவே போகும் தடங்கள் நேராகிக்கொண்டே வந்ததற்கு இந்த எண்ணும் ஒரு காரணம்.

தொலைபேசியில் இந்தச் சொல் தன் இயல்பை மீறிப் பெயர்ச்சொல்லாகவும் ஆகிவிட்டது. இதன் முறையான பெயர்ச்சொல் ‘டைவர்ஷன்’. ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘கால் டைவர்ட்’ என்பார்கள். அமெரிக்கர்களுக்கு அது ‘கால் ஃபார்வர்டிங்’. ஜிஎஸ்எம் கைபேசிகளில் எல்லா அழைப்பையும் திருப்ப *21* போட்டு, திருப்ப வேண்டிய எண்ணைப் போட்டு, # போட்டு அழைக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும் என்றால் 67, எடுக்காவிட்டால் 61, தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தால் 62. நம் எண் யாருக்காவது திருப்பப்பட்டிருக்கிறதா என்று பார்க்க *#21#, எல்லாத் திருப்பலையும் நீக்க ##002#. ஏமாற்றுக்காரர்கள் ஏதோ சாக்குச் சொல்லி 21இல் தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்வது இதற்காகத்தான். அழுத்தியவரின் கைபேசியில் மணியே அடிக்காது. கடவு எண்ணைக் குரலில் சொல்லும் அழைப்பு நேராக அவர்களிடம் போய்விடும். டைவர்ட் ஆன அழைப்பு நிற்கவில்லை, வேறிடம் சேர்ந்திருக்கிறது. குளியலறைக் குமிழ் மாதிரியேதான்.

திரும்பு, திருப்பு

தமிழ் பேசுவோர் இந்தச் சொல்லில் அதிகம் சறுக்குமிடம் பொருளல்ல, வினையின் வகை. நம்மிடம் ஜோடி வினைகள் நிறைய: திரும்பு–திருப்பு, விலகு–விலக்கு, ஒதுங்கு–ஒதுக்கு, மாறு–மாற்று. தானாக நடந்தால் முதலாவது, ஒருவர் செய்தால் இரண்டாவது. டைவர்ட் என்பது திருப்பு, திரும்பு அல்ல. அதற்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும், இல்லையென்றால் செயப்பாட்டு வினையாக வர வேண்டும்.

பேச்சுத் தமிழ் இதை மிக எளிதாகத் தாண்டிவிட்டது. ‘டைவர்ட் பண்ணு’ என்றால் திருப்பு, ‘டைவர்ட் ஆகு’ என்றால் திரும்பு. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வினையமைப்பில் பொருத்தி ஜோடியை நாமே உண்டாக்கிக்கொண்டோம். தமிழ் பேசும்போது இதில் ஒரு குறையும் இல்லை. அதே ஜோடியை ஆங்கிலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போதுதான் ‘ஃப்ளைட் இஸ் டைவர்ட்’, ‘இட் காட் டைவர்ட்’ என்ற வாக்கியங்கள் பிறக்கின்றன. ‘ஆகு’ என்பதைப் பெயர்த்துப் பக்கத்தில் மூலச்சொல்லை அப்படியே வைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அங்கே இறந்தகால எச்சம் தேவை: ‘வாஸ் டைவர்ட்டட்’. சொல்லும்போது கடைசியில் ஒரு முழு அசை கூடும். டை-வர்-டிட் என்று மூன்று அசை. அந்த மூன்றாம் அசையை விழுங்குவதாலேயே எழுத்திலும் அது தொலைந்துபோகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. விமானிகளும் மாலுமிகளும் ‘த ஃப்ளைட் டைவர்ட்டட் டு’ என்று செயப்படுபொருள் இல்லாமலே சொல்வார்கள். விமானம் தானே முடிவெடுத்துத் திரும்பியது போல. செய்திகளிலும் இந்த வழக்கு பரவியிருக்கிறது, பிழையில்லை. மனிதர்களுக்கு மட்டும் இதை நீட்டக் கூடாது. ‘படித்தது கணிதம், பிறகு வேறு துறைக்கு டைவர்ட் ஆனேன்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஐ டைவர்ட்டட்’ என்று சொன்னால் கேட்பவர் ஒரு கணம் விழிப்பார். ஆங்கிலத்தில் அது ‘ஸ்விட்ச்ட் டு’ அல்லது ‘மூவ்ட் இன்டு’.

ஒலிப்பைப் பற்றி இவ்வளவு போதும்: ‘டை’ என்றும் ‘டி’ என்றும் இரு தொடக்கமும் சரி, அழுத்தம் இரண்டாம் அசையில். ‘டைவர்ஷன்’ என்பதன் கடைசி அசை பிரிட்டனில் ‘ஸ்டேஷன்’ போல ஒலிக்கும். அமெரிக்காவில் ‘டெலிவிஷன்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் சொல்லும்போது வரும் அதிர்வொலியோடு வரும். சாலைப் பலகையிலும் இரு நாடுகளும் பிரிகின்றன. பிரிட்டனில் மஞ்சள் பலகையில் ‘டைவர்ஷன்’ என்றிருக்கும். அவசர மாற்றுத் தடங்களுக்குச் சதுரம், வட்டம், முக்கோணம், சாய்சதுரம் என்ற குறிகளும் உண்டு, ஒரு குறியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனால் பழைய சாலையில் சேர்ந்துவிடலாம். அமெரிக்கர்கள் ஆரஞ்சுப் பலகையில் ‘டீட்டூர்’ என்று எழுதுவார்கள்.

மனம், பேச்சு, பராக்கு

‘மைண்ட் டைவர்ட் ஆயிடுச்சு’ என்று சொல்லாத மாணவர் இருக்க மாட்டார். ஆங்கிலத்தில் இதே பொருளுக்கு இயல்பாக வருவது ‘ஐ காட் டிஸ்ட்ராக்டட்’. இரண்டு சொற்களும் நெருக்கமானவைதான், ஆனால் ஒன்றல்ல. டிஸ்ட்ராக்ட் என்பதன் லத்தீன் வேர் ‘பிரித்து இழு’ என்பது. கவனம் பிய்ந்து நாலாபக்கமும் போகிறது. எங்கே போய்ச் சேர்ந்தது என்பது முக்கியமில்லை. அதற்குத் தமிழ் ‘சிதறு’. டைவர்ட்டில் கவனம் சிதறுவதில்லை. முழுதாக ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்கப்படுகிறது, பெரும்பாலும் யாரோ ஒருவர் வேண்டுமென்றே வைக்கிறார். ஆகவே வெளிச்சத்தத்தால் படிப்பு கெட்டால் டிஸ்ட்ராக்ட். மந்திரவித்தைக்காரர் வலக்கையை வீசி நம் பார்வையை அங்கே இழுத்துக்கொண்டு இடக்கையில் நாணயத்தை மறைத்தால் டைவர்ட்.

ஊசி போடும்போது குழந்தைக்குப் பராக்குக் காட்டுகிறோமே, அதுதான் சுத்தமான டைவர்ட். தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பல அகராதிகள் இதைப் போடாமல் ‘கவனத்தை வேறு பக்கம் திருப்பு’ என்று நீட்டி முழக்குகின்றன. இன்னொரு நல்ல சொல் ‘போக்குக் காட்டு’. ஒரு பக்கம் போவது போல் காட்டிவிட்டு மறுபக்கம் போவது. ராணுவத்தில் ‘டைவர்ஷனரி அட்டாக்’ என்பது இதேதான். அந்தத் தாக்குதல் நம்பும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால் எதிரி படையை நகர்த்த மாட்டான், பிறகு அது டைவர்ஷன் அல்ல, வீண் செலவு. வெற்றியின் அளவுகோல் தாக்கிய இடத்தில் இல்லை, எதிரியின் படை எங்கே ஓடியது என்பதில் இருக்கிறது.

இப்போது அந்தத் தலைப்பு விவகாரம். விவாதங்களில் அடிக்கடி விழும் வாக்கியம், ‘டோன்ட் டைவர்ட் த டாப்பிக்’. பேச்சு ஓடும், வாதம் ஓடும், கவனம் ஓடும்; ஆகவே ‘டைவர்ட் த கான்வர்சேஷன்’, ‘டைவர்ட் த டிஸ்கஷன்’ எல்லாம் சரி. தலைப்பு ஓடுவதில்லை, நிற்கிறது. நிற்பதை மாற்றத்தான் முடியும். அதனால்தான் ஆங்கிலம் ‘சேஞ்ச் த சப்ஜெக்ட்’ என்கிறது, தமிழும் ‘பேச்சை மாற்றாதே’ என்கிறது. அரசியல்வாதி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினால் அது ‘டிஃப்ளெக்ட்’: கேள்வி அவர்மேல் பட்டுத் தெறித்துவிட்டது. நம் சொல் ‘மழுப்பு’ அல்லது ‘தட்டிக்கழி’. கேள்வியைத் தட்டிவிட்ட கையோடு புதிய பரபரப்பொன்றைக் கிளப்பி எல்லாரையும் அங்கே பார்க்க வைத்தால் அப்போதுதான் அது டைவர்ட்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

டிஃப்ளெக்ட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் டைவர்ட்டோடு அதிகம் குழம்புவது அதுதான். அதன் லத்தீன் வேருக்கு ‘வளை’ என்று பொருள். கட்டடப் பொறியாளருக்கு டிஃப்ளெக்ஷன் என்றால் பாரம் தாங்கும் உத்தரத்தின் தொய்வு. ஆட்கள், பொருள்கள் போன்ற நடமாட்டச் சுமைக்கு உத்தரத்தின் நீளத்தில் 360இல் ஒரு பங்கு என்பது பரவலாகப் பயன்படும் வரம்பு. 4 மீட்டர் நீள உத்தரம் என்றால் சுமார் 11 மில்லிமீட்டர். இயற்பியலில் ஒன்றின் பாதை விசையால் வளைவது டிஃப்ளெக்ஷன். 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது, சூரியனை உரசி வரும் நட்சத்திர ஒளி வளைகிறதா என்று அளந்து பார்த்தார்கள். ஐன்ஸ்டைன் கணித்திருந்த அளவு 1.75 வில்விநாடி (ஒரு பாகையை 3,600ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). எந்த இயற்பியல் நூலும் அதை ‘ஒளியின் டைவர்ஷன்’ என்று எழுதாது. ஒளிக்கு யாரும் மாற்றுப்பாதை போட்டுக் கொடுக்கவில்லை. போகிற போக்கில் அது வளைந்தது.

2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளின்மேல் வேண்டுமென்றே மோதியது. தன்னைவிடப் பெரிய இன்னொரு சிறுகோளை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிக்கொண்டிருந்த அது, மோதலுக்குப் பின் 32 நிமிடம் குறைத்து 11 மணி 23 நிமிடத்தில் சுற்றத் தொடங்கியது. ‘டார்ட்’ என்ற சுருக்கப் பெயரின் விரிவிலேயே ‘ரீடைரெக்ஷன்’ இருக்கிறது. அந்த நுட்பத்தை விஞ்ஞானிகள் ‘டிஃப்ளெக்ஷன்’ என்கிறார்கள். டைவர்ட் அங்கே முன்னுக்கு வரவில்லை, காரணம் தெளிவு: இடித்துத் தள்ளினால் டிஃப்ளெக்ட், வாய்க்கால் வெட்டி அழைத்துப்போனால் டைவர்ட். கால்பந்து எழுதுபவர்கள் இரண்டையும் கையாள்வார்கள். பந்து தடுப்பாட்டக்காரரின் காலில் தானாகப் பட்டு வலைக்குள் போனால் டிஃப்ளெக்ட் ஆனது. அவர் காலை நீட்டித் தட்டி, தன் வலைக்குள்ளேயே அனுப்பித் தொலைத்தால் ‘டைவர்ட்டட் இன்டு ஹிஸ் ஓன் நெட்’.

‘அவர்ட்’ ஒலியிலும் வேரிலும் டைவர்ட்டின் உடன்பிறப்பு. ஆனால் அதற்குப் பிடித்த செயப்படுபொருள்கள் மிகக் குறைவு: பேரழிவு, நெருக்கடி, வேலைநிறுத்தம், போர், பிறகு கண். வர இருந்த கெடுதி வராமல் போனால் அவர்ட். அந்தக் கெடுதி வேறெங்கும் போய்ச் சேரவில்லை, நடக்கவே இல்லை. வெள்ளத்தை ‘டைவர்ட்’ செய்தால் தண்ணீர் வேறு பக்கம் போயிருக்கிறது, அந்தப் பக்கத்துக்காரர் கவலைப்பட வேண்டும். வெள்ளப் பேரழிவை ‘அவர்ட்’ செய்தால் யாரும் கவலைப்பட வேண்டாம். கண்ணுக்கு அவர்ட் வந்தால், பார்க்கக் கூசிப் பார்வையை விலக்கிக்கொள்வது.

‘டீவியேட்’ தானே விலகுவது, கூடவே ‘ஃப்ரம்’ வரும். நெறியிலிருந்து வழுவுவதும் திட்டத்திலிருந்து பிறழ்வதும் இதில் அடங்கும். ‘ஸ்வெர்வ்’ திடீரென்று வண்டியை ஒடிப்பது. ‘வியர்’ மெல்லச் சாய்ந்து விலகுவது. ‘டைக்ரெஸ்’ பேச்சிலும் எழுத்திலும் மட்டும் கிளை பிரிந்து போவது. ‘ரீரூட்’ என்றால் வழி மாறும், சேருமிடம் மாறாது. 2023 டிசம்பர் முதல் பல சரக்குக் கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனபோது செய்திகளில் ரீரூட், டைவர்ட் இரண்டும் கலந்து வந்தன. கப்பலுக்கு இரண்டும் பொருந்தும். விமானத்துக்கு மட்டும் கலந்துவிடக் கூடாது: ரீரூட் ஆன விமானத்துக்குக் காத்திருப்பவர் அதே நிலையத்திலேயே காத்திருக்கலாம்.

வேறு சில சொற்கள் ஒலியால் மட்டும் மயக்குபவை. முதலீட்டைப் பல இடங்களில் பரப்புவது ‘டைவர்சிஃபை’. அதைப் போய் டைவர்ட் என்று விண்ணப்பத்தில் எழுதினால் பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பிவிட்டதாக நாமே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தது மாதிரி. ‘டைவெஸ்ட்’ முதலீட்டை விற்று விலகுவது. ‘டைவெர்ஜ்’ இரண்டு பாதைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவது; அதன் வேர் வேறு.

பணம் என்று வந்துவிட்டதால், அங்கே இந்தச் சொல் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். இந்திய ரிசர்வ் வங்கி, வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்களை வரையறுக்கும்போது ‘டைவர்ஷன்’ என்பதையும் ‘சைஃபனிங்’ என்பதையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. நடைமுறை மூலதனமாக வாங்கிய குறுகிய காலக் கடனை நீண்ட காலச் சொத்தில் போடுவது, அனுமதித்த காரியத்தை விட்டு வேறொன்றுக்குச் செலவிடுவது, குழுமத்தின் வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது போன்றவை டைவர்ஷன். கடன் வாங்கிய நிறுவனத்தின் தொழிலுக்கே தொடர்பில்லாத விஷயத்துக்கு, அதன் நிதி நலம் கெடும்படி பணத்தை உறிஞ்சி எடுப்பது சைஃபனிங். முன்னதில் பணம் தடம் மாறுகிறது, பின்னதில் வெளியேறிவிடுகிறது. செய்தி மொழிபெயர்ப்பில் இரண்டையும் ‘கையாடல்’ என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. முதலாவதற்கு அது அநியாயம்.

டைவர்ஷன் எப்போதும் கெட்டதும் அல்ல. குப்பை மேலாண்மையில் ‘டைவர்ஷன் ரேட்’ உயர உயர நல்லது. 100 டன் குப்பையில் 35 டன் மறுசுழற்சிக்கும் உரத்துக்கும் போய், மீதி 65 டன் குப்பைமேட்டுக்குப் போனால் விகிதம் 35 சதவீதம். சிறார் நீதியில் ‘டைவர்ஷன்’ என்றால் குற்றம் சாட்டப்பட்ட சிறுவரை நீதிமன்ற வழியிலிருந்து திருப்பி ஆலோசனை, பயிற்சி, சமூகப் பணி போன்றவற்றுக்கு அனுப்புவது. ஐநா குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 40ஆம் உறுப்பு இதற்கு இடம் தருகிறது. ஆனால் மருந்துத் துறையில் ‘டிரக் டைவர்ஷன்’ என்று கேட்டால் அது குற்றம்: நோயாளிக்கென எழுதிய வலிமருந்து கள்ளச் சந்தைக்குப் போவது. எது திருப்பப்படுகிறது, எங்கிருந்து எங்கே என்று பார்த்தால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். சொல் தன்னளவில் நடுநிலை.

மகிழ்ச்சி எப்படி உள்ளே வந்தது?

‘எ டைவர்ட்டிங் ஸ்டோரி’ என்று எங்காவது படித்தால், அது திசைதிருப்பும் கதையல்ல, சுவாரசியமான கதை. ‘ஷி வாஸ் டைவர்ட்டட் பை ஹிஸ் ஜோக்ஸ்’ என்றால் அவனுடைய நகைச்சுவையை ரசித்தாள் என்று பொருள். பழைய ஆங்கில நூல்களைப் படிப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவது சகஜம்.

திருப்புவது எப்படி மகிழ்விப்பதாயிற்று? பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல், முதலில் திருப்புவதை மட்டுமே குறித்தது. கவலையிலிருந்தோ கனத்த யோசனையிலிருந்தோ மனத்தைத் திருப்புவது என்று அது நீண்டு, 17ஆம் நூற்றாண்டில் மகிழ்விப்பது என்றே ஆகிவிட்டது. அதே நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல், மனிதர்கள் தங்கள் நிலையை நினைத்துப் பார்க்காமல் இருக்கத் தேடிக்கொள்ளும் சூதாட்டம், வேட்டை, அரட்டை எல்லாவற்றையும் ‘டிவெர்டிஸ்மான்’ என்ற ஒரே சொல்லில் அடக்கினார். கேளிக்கை, தப்பித்தல் இரண்டும் அதில் உண்டு. ஸ்பானிய மொழியில் திருப்பும் பொருள் பின்வாங்கி, ‘டிவெர்டிடோ’ என்றால் வேடிக்கையானது என்ற பொருளே கொடிகட்டி நிற்கிறது. இத்தாலியர்களின் இலகுவான இசை வடிவம் ‘டிவெர்டிமெண்டோ’. ஆங்கிலத்தில் மகிழ்ச்சிப் பொருள் இப்போது ஏட்டு வழக்காக ஒடுங்கிவிட்டது. பேச்சில் யாரும் ‘த மூவி டைவர்ட்டட் மீ’ என்பதில்லை. நாமும் எழுத வேண்டாம், புரிந்துகொண்டால் போதும்.

லத்தீன் மூலம் ‘டிவெர்டெரே’: விலக்கிக் காட்டும் முன்னொட்டும், ‘திருப்பு’ என்ற பொருளுள்ள ‘வெர்டெரே’யும் சேர்ந்தது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பினால் ‘டைவர்ஸ்’. பல பக்கம் திரும்பியவை ‘டைவர்ஸிட்டி’. ‘கன்வர்ட்’, ‘இன்வர்ட்’, ‘ரிவர்ட்’, ‘வெர்டிகோ’ எல்லாம் ஒரே குடும்பம். ஏர் உழவன் வரப்பை எட்டித் திரும்புவதைக் குறித்த லத்தீன் ‘வெர்சுஸ்’ என்ற சொல் எழுத்தின் வரியைக் குறித்து, பிறகு செய்யுள் என்ற ‘வெர்ஸ்’ ஆனது.

இந்த வேர் நமக்கும் அந்நியமில்லை. சமஸ்கிருதத்தின் ‘வ்ருத்’ என்ற வினையடி இதே இந்தோ-ஐரோப்பிய மூலத்தது. அதன் வழியாகத் தமிழுக்கு வந்தவை பரிவர்த்தனை, ஆவர்த்தனம், சக்கரவர்த்தி, நிவர்த்தி. பாவினம் ஒன்றுக்குப் பெயரான விருத்தமும் இதிலிருந்தே; முரண் என்ற பொருளில் வரும் விருத்தம் வேறு சொல். சுழல்வதும் திரும்புவதும் லத்தீனில் ‘வெர்ஸ்’ ஆனது போல, சமஸ்கிருதத்தில் ‘வ்ருத்தம்’ ஆகிச் செய்யுளுக்கு வந்திருக்கிறது. நோய் நிவர்த்தி, தோஷ நிவர்த்தி என்று சொல்லும்போது அந்தத் திருப்பும் பொருள் இன்னும் மங்கலாகத் தெரிகிறது, ஆனால் அது டைவர்ட்டைவிட அவர்ட்டுக்கு நெருக்கம்.

தமிழில் எழுதும்போது

செய்தி மேசையில் இந்தச் சொல் செய்யும் குறும்பு ஒன்று. ‘ஃப்ளைட் டைவர்ட்டட்’ என்று வந்தால் அவசரத்தில் ‘விமானம் திருப்பி அனுப்பப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் ‘திருப்பி அனுப்பு’ என்றால் வந்த இடத்துக்கே அனுப்புவது. விமானத் துறையில் அதற்கு ‘ஏர் டர்ன்பேக்’ என்று தனிப் பெயர் உண்டு, டைவர்ஷன் அதுவல்ல. ‘விமானம் திரும்பியது’ என்றாலும் அதே கோளாறு. ஒரு சொல் கூட்டினால் தீர்ந்தது: ‘வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டது’. ‘திருப்பி’யோடு ‘அனுப்பு’ சேர்ந்தால் பின்னோக்கிப் போகிறது, ‘விடு’ சேர்ந்தால் பக்கவாட்டில் போகிறது.

போக்குவரத்துக்கு ‘மாற்றுப்பாதையில் விடப்பட்டது’ நன்றாக நிலைத்துவிட்டது. கவனத்துக்குத் ‘திசைதிருப்பு’. பழியைத் தள்ளிவிடுவதற்கு ‘திசைதிருப்பு’ வேண்டாம், ‘அடுத்தவர்மேல் போடு’ போதும். நிதிக்கு ‘திருப்பிவிடு’ சரி. ‘திருப்பிச் செலுத்து’ என்று கைதவறி எழுதினால் கடனை அடைத்ததாக ஆகிவிடும், பொருள் தலைகீழ். நிதிக்கும் உழைப்புக்கும் மக்களின் கோபத்துக்கும்கூடப் பொருந்தும் சொல் ‘மடைமாற்று’. வயலுக்குப் பாயும் நீரை ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறந்து வேறு பாத்திக்கு விடுவதிலிருந்து வந்தது அது. ஓடும் பொருள், திருப்பும் கை, புதிய பாத்தி என்று டைவர்ட்டின் மூன்று உறுப்பும் அதில் அப்படியே இருக்கின்றன. கூடவே, பழைய பாத்திக்கு நீர் நின்றுபோயிற்று என்பதும்.